23 பேட்டர்னும் மனப்பாடம், ஆனால் கை வரவில்லை

கேள்வி: ஜாவாவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இன்டர்வியூவுக்காக 23 டிசைன் பேட்டர்ன்களின் பெயரும் படமும் மனப்பாடம் செய்தேன். ஆனால் நிரல் எழுத உட்கார்ந்தால் எதை எங்கே போடுவது என்று பிடிபடவில்லை. எந்த வரிசையில் படிக்க வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். டிசைன் பேட்டர்ன் என்பது நிரல்களில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைக்குப் பழகிய ஒரு தீர்வு. அந்த விடைகளை முதலில் படித்துவிட்டீர்கள். அவற்றுக்கான கேள்வி இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. எனக்கு அது வந்தது ஒரு ஜவுளிக்கடை பில்லிங் மென்பொருளில்.

முதலில் ஆடித் தள்ளுபடி மட்டும்தான் கேட்டார்கள். ஒரு இஃப் (நிபந்தனை) போட்டேன். அப்புறம் பழைய வாடிக்கையாளருக்கு 10 சதவீதம், ஊழியர் விலை, இரண்டு சேலை எடுத்தால் ஜாக்கெட் துணி இலவசம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே ஒரே மெத்தடுக்குள், எல்ஸ் இஃப் மேல் எல்ஸ் இஃப். ஆடி முடிந்ததும் அந்தத் தள்ளுபடியை நீக்கினேன். மறுநாள் ஊழியர் விலை தப்பாக வந்தது. இரண்டும் ஒரே வேரியபிளை நம்பியிருந்தன.

என் சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "இதில் எது மாறிக்கொண்டே இருக்கிறது, எது மாறவே இல்லை?" என்று மட்டும் கேட்டார். பில் கூட்டுவது மாறவில்லை. தள்ளுபடிக் கணக்குதான் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் 'தள்ளுபடி' என்று ஒரு இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) வைத்து, ஒவ்வொரு தள்ளுபடியையும் தனி கிளாஸ் ஆக்கினோம். இதற்கு ஸ்ட்ராட்டஜி என்று பெயர் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த ஆடிக்கு ஒரு புது கிளாஸ் சேர்த்தேன். பில் கிளாஸைத் தொடவே இல்லை.

சரி, ஒரே பில்லுக்கு இரண்டு தள்ளுபடி என்றால்? ஒன்றின் மேல் இன்னொன்றைச் சுற்றினோம். அது டெக்கரேட்டர். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1,000 ரூபாய்க்கு முதலில் 10 சதவீதம் கழித்து, பிறகு 100 ரூபாய் கழித்தால் 800. முதலில் 100 கழித்துவிட்டு 10 சதவீதம் போட்டால் 810. எதை எதன் மேல் சுற்றுவது என்பதை ஒரே இடத்தில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஃபேக்டரி, அதாவது பொருள்களை உருவாக்கும் வேலையைத் தனி இடத்தில் வைக்கும் பேட்டர்ன், தேவைப்பட்டது அப்போதுதான்.

இந்த 23-ஐயும் தொகுத்து, காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் என்ற நால்வர் எழுதிய புத்தகம் 1994-இல் வந்தது. பேட்டர்ன் என்ற யோசனையை அவர்கள் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் என்ற கட்டடக் கலைஞரிடமிருந்து எடுத்தார்கள். வீடு, தெரு, ஊர் பற்றி அவரும் அவர் குழுவினரும் 1977-இல் தொகுத்த 253 பேட்டர்ன்களிலும் முதலில் பிரச்சினை, பிறகுதான் தீர்வு. நால்வரின் புத்தகத்திலும் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் 'ஏன் தேவைப்பட்டது', 'என்ன விளைவு' என்ற பகுதிகள் உண்டு. படத்தை விட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள். அந்தப் புத்தகத்தின் உதாரணங்கள் சி பிளஸ் பிளஸ், ஸ்மால்டாக் மொழிகளில் இருக்கும். 2014-இல் வந்த ஜாவா 8-க்குப் பிறகு, சின்ன ஸ்ட்ராட்டஜிக்குத் தனி கிளாஸ்கூட வேண்டாம், ஒரு லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) போதும்.

நீங்கள் தினமும் பேட்டர்ன்களைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தும்போது எது முன், எது பின் என்று சொல்லக் கொடுக்கும் கம்பேரேட்டர் ஒரு ஸ்ட்ராட்டஜி. ஃபைலைப் படிக்கும் ஃபைல்ரீடர் மேல் பஃபர்டுரீடரைச் சுற்றுவது டெக்கரேட்டர்.

ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் உருவாக்கி எல்லோரும் அதையே பயன்படுத்தும் சிங்கிள்டனை மட்டும் கடைசிக்கு வையுங்கள். சுலபமாக இருப்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். நானும் டேட்டாபேஸ் இணைப்பை அப்படி வைத்து, ஒரு டெஸ்ட் விட்டுப்போன தரவு அடுத்த டெஸ்டைக் கெடுத்ததைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் புராஜெக்டின் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாற்றில் அடிக்கடி மாற்றப்பட்ட ஃபைலைத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த வரிகள் மாறின என்று ஒரு தாளில் குறியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இஃப் ஏணியில்தான் கை வைத்திருக்கிறார்கள் என்றால், அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு முறை எழுதியதோடு யாரும் தொடாத இஃப் என்றால், எவ்வளவு நீளமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.