வாசலில் வண்ணக் கோடு, யாரைக் கேட்பது?

கேள்வி: புளோரிடாவில் இருக்கிறோம். புதிதாகக் கல் பதித்த எங்கள் வாசலில் யாரோ வந்து சிவப்பும் ஆரஞ்சுமாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அழிக்கச் சொல்லுங்கள் என்று நகர அலுவலகத்தில் கேட்டால், "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?
- ஒரு வாசகி, தாம்பா

பதில்: இல்லை அம்மா, அவர்கள் சொன்னது உண்மைதான். உங்கள் வாசலில் இருப்பது, யாராவது தோண்டுவதற்கு முன்னால் அடியில் என்ன போகிறது என்று காட்டப் போடும் கோடு. மண்ணுக்கடியில் போகும் குழாய், கேபிள்களுக்கு அடையாளம் போடும் விஷயத்தைப் புளோரிடா மாநிலம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டத்தின் 556ஆம் அத்தியாயம் அது. அடையாளம் போட வருகிறவரிடம் நகரமோ கவுன்டியோ பெர்மிட் கேட்க முடியாது. இந்தப் பெயின்ட்தான் என்று விதிக்க முடியாது. போட்டதை அழி என்று சட்டம் போடவும் முடியாது.

குழாய் வேலையில் இருந்தவன் நான். பெர்மிட், பெயின்ட் விஷயத்தில் மாநிலத்தின் பக்கம்தான் நிற்பேன். புளோரிடாவில் 67 கவுன்டிகள், 400க்கு மேல் நகரங்கள். தோண்டுகிறவர் முழுதாக 2 வேலை நாள் முன்னால் 811 என்ற எண்ணுக்குத் தகவல் சொன்னால் போதும். அதற்குள் அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் வந்து கோடு போட்டாக வேண்டும். காலையில் ஓர் ஊர், மதியம் பக்கத்து ஊர் என்று ஓடுகிறவர் ஊருக்கு ஊர் பெர்மிட்டுக்குக் காத்திருந்தால், கோடு விழுவதற்குள் பொக்லைன் இறங்கிவிடும். குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 1976இல் கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டி அருகே சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது பெட்ரோல் குழாய் உடைந்து தீப்பிடித்து, 9 பேர் இறந்தார்கள். சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் காஸ், ஆரஞ்சு என்றால் தொலைபேசி, இன்டர்நெட் கேபிள். நாடு முழுக்க இதுதான் வழக்கம். அது ஊருக்கு ஊர் மாறவே கூடாது.

ஆனால் அழிக்கும் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்த பிறகும் கிடக்கிற கோட்டை அகற்றச் சொல்லும் உரிமையையாவது நகரத்துக்கு விட்டிருக்கலாம். உங்கள் வருத்தம் நியாயமானது.

சரி, இப்போது என்ன செய்வது? பக்கத்தில் தோண்டி முடிக்கும் வரை அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். அநேகமாக உங்கள் தெருவில் யாரோ கேபிள் பதிக்கப்போகிறார்கள். இந்தச் சட்டமே, அடையாளம் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று ஒரு பகுதியில் சொல்கிறது. அதைக் காட்டி, தோண்டும் ஒப்பந்தக்காரரிடமும் கோடு போட்ட கம்பெனியிடமும் பேசுங்கள். அடுத்த முறை தோண்டும் இடத்தை மட்டும் வெள்ளையில் குறித்துக்கொடுக்க ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள்; புல்தரையில் சின்னக் கொடி நட்டாலே போதும். தேவையில்லாத இடத்தில் பெயின்ட் விழாது.

நீங்களே வேலி போடவோ மரம் நடவோ நினைத்தால் 811க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் 24 அங்குலத்துக்குள் மெஷின் வேண்டாம், கையால் தோண்டுங்கள். அப்புறம், மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் வரும் ஸ்ப்ரிங்க்ளர் குழாய், நீச்சல்குள ஒயர் போன்றவற்றுக்கு அவர்கள் கோடு போடமாட்டார்கள். அதற்குத் தனியாக ஆள் வைத்துப் பாருங்கள்.