அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், உங்கள் அணிக்கு ஒரே சீசன் ஆடிவிட்டு வேறு கல்லூரிக்குப் போன குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) தோற்க வேண்டும் என்று நினைக்கலாமா?

உங்கள் அணியோடு மோதும் நாளில் தாராளமாக நினைக்கலாம். மற்ற சனிக்கிழமை ஆட்டங்களில் வேண்டாம். அடிபடட்டும் என்று எந்த நாளிலும் நினைக்காதீர்கள்.

ஒரே சீசன் ஆடிவிட்டு அவர் போனது உங்களுக்குத் துரோகமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் விதி மாற்றமே காரணம். முன்பு கல்லூரி மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தடை நீங்கியது. 2024-இல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. பயிற்சியாளர்களுக்கு அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை.

அவர் ஏன் போனார் என்று முதலில் பாருங்கள். பயிற்சியாளர் போய்விட்டாரா, ஆடும் இடம் பறிபோனதா? குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை அலபாமா பல்கலைக்கழக அணி 2018 ஜனவரி தேசிய இறுதிப் போட்டியின் இடைவேளையில் உட்கார வைத்தது. அவர் உடனே போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் எஸ்.இ.சி. (அலபாமா ஆடும் கல்லூரி லீக்) இறுதியில் மாற்று வீரராக இறங்கி ஜார்ஜியாவை வீழ்த்தினார். பட்டப் படிப்பையும் முடித்த பிறகே 2019-இல் ஓக்லஹோமா போனார். அவர்மேல் அலபாமா ரசிகருக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

கொடுத்த வாக்கை மீறிப் பணப் பேரத்துக்காகப் போனவர் என்றால் கோபம் நியாயம்தான். அதை அரங்கில் கூச்சலிட்டுக் காட்டுங்கள். அவருடைய இன்ஸ்டாகிராமிலோ வீட்டாரிடமோ வேண்டாம்.