நர்சரியில் பூத்த ரோஜா வீட்டுக்கு வந்ததும் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகள் வளர்க்கிறேன். செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை எல்லாம் நன்றாக வருகின்றன. ரோஜா மட்டும் நிற்பதே இல்லை. ஐந்தாறு பூவோடு தளதளவென்று இருக்கும் செடியாகப் பார்த்துத்தான் வாங்கி வருகிறேன். ஒரு சுற்றுப் பூக்கிறது. அப்புறம் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து செடி போய்விடுகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். டீத்தூள், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் எல்லாம் போடுகிறேன். ‘உன் கைக்கு ரோஜா ராசியில்லை’ என்கிறார் மாமியார். மிஞ்சியிருக்கும் ஒரே செடியையாவது காப்பாற்ற வழி உண்டா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தொட்டியில் கறிவேப்பிலையை நன்றாகக் கொண்டுவந்த கைக்கு ராசியில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் செடிக்குப் பசி இல்லை. வேருக்குத்தான் மூச்சு முட்டுகிறது. டீத்தூளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நம் ஊர் நர்சரிகளுக்கு ரோஜாச் செடிகள் நிறைய வெளியூரிலிருந்து, குறிப்பாக ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் போன்ற இடங்களிலிருந்து, லாரியில் வருகின்றன. வழியில் வேர் கலையாமல் இருக்க, சுற்றிலும் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து அனுப்புவார்கள். பயணத்துக்கு அது சரி. அதே உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கிவிட்டுச் சுற்றிலும் நல்ல மண்கலவை போட்டால்தான் சிக்கல். காய்ந்தால் அது செங்கல். ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும். நனைந்தாலோ நாள்கணக்கில் உள்ளே சேறாகவே இருக்கும். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதால் உங்கள் செடி சேற்றில் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்று வெயில் தாழ்ந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். உருண்டை மூழ்கும்படி ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். களிமண் தானாக இளகும். வெளிப்பக்க மண்ணை விரலால் மெல்ல வழித்துவிடுங்கள். முழுவதையும் எடுக்க ஆசைப்பட வேண்டாம், பாதி போனால் போதும். பிய்த்து இழுத்தால் இருக்கும் நல்ல வேரும் அறுந்துவிடும். இப்போது வேரைத் தொட்டுப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்துப்போய், இழுத்ததும் தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்தால் அது அழுகிய வேர். அதை வெட்டி எறியுங்கள்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 14 இருந்தால் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டு எரு ஒரு பங்கு, அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இவ்வளவுதான் கலவை. தண்டின் அடியில் முடிச்சு மாதிரி தெரியும் இடம் ஒட்டுப் போட்ட இடம். அது மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பிடுங்கிவிடுங்கள். அது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடியின் கிளை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜா இல்லை.

கறுத்த கிளைகளை, கறுப்பு முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே, உள்ளே பழுப்பில்லாத பச்சைத் தண்டு தெரியும்வரை வெட்டுங்கள். இது நுனிக்கருகல் என்கிற பூஞ்சை நோய். கறுப்பை விட்டுவைத்தால் இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை டெட்டாலில் துடையுங்கள். வெட்டிய முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவுங்கள். மொட்டு இருந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் இப்போது செடியின் பலம் வேருக்குப் போகவேண்டும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு, பிறகு காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். தேறியபின் தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

இனிமேல் வேளை பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் பற்றி ஒன்று. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அது உப்பு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தாலும் கடினத் தண்ணீரால் மண் காரத்தன்மை ஏறியிருந்தால் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு முட்டை ஓடு போட்டால் இன்னும் மோசம், அது சுண்ணாம்பு. உரக்கடையில் கீலேட் இரும்பு என்று கேட்டு வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் இலைமேல் தெளியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் ரோஜாவுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

டீத்தூளைச் சர்க்கரை போக அலசிக் காயவைத்துக் கொஞ்சமாகப் போடலாம். பச்சை வாழைப்பழத் தோல் வேண்டாம், அழுகி ஈ மொய்க்கும். மக்க வைத்துப் போடுங்கள். உரம் கொடுக்க ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம், கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

சித்திரை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், பிற்பகலுக்கு நிழல்வலை போடுங்கள். அந்த மாதங்களில் இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள்; அடியில் செம்பேன் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

அடுத்து வாங்கும்போது பூவை எண்ணாமல் அடியில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், பெரிய பூ விடும் கலப்பு ரகங்களைக் கொஞ்ச காலம் தள்ளிவைத்துவிட்டுப் பன்னீர் ரோஜாவில் தொடங்குவேன். நம் சமவெளி வெயிலைத் தாங்கும், வாசனையும் உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது வைத்திருந்தால், மழை ஓய்ந்து கவாத்து செய்யும்போது பென்சில் பருமனில் முக்கால் அடி நீளத்துக்கு நாலைந்து குச்சிகள் கேட்டு வாங்கி ஈர மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடித்த செடி சொந்த வேரில் நிற்கும். அதில் ஒட்டும் இருக்காது, களிமண் உருண்டையும் இருக்காது.