கடற்கரையில் ஜீப், பைக் ஓட்ட அனுமதிக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். கூட்டத்துக்குப் போய்ப் பேசுவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதில்தான் பயன். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் மணலில் வண்டி ஓட்டுகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன். நான் ஓட்டியவன், அது கடலாமைக்கு என்ன செய்யும் என்று பார்த்தவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கடலூர். சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம், விடிந்தும் விடியாத நேரம். நானும் மூன்று நண்பர்களும் தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கம் கடலோரமாகவே பைக்கில் போனோம். அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும். மேலே ஏறினால் சக்கரம் புதையும், அதை முறுக்கி வெளியே எடுப்பதுதான் விளையாட்டே. மேலும் கீழுமாக எத்தனை எட்டுப் போட்டோமோ தெரியாது. எதிரே டார்ச்சும் ஒரு கம்புமாக ஒரு பெரியவர் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, தடத்தை அழிச்சிட்டீங்களே. இனி எங்கேன்னு தேடுறது?" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் விளக்கினார். பங்குனி ஆமை என்கிற கடலாமை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடும். குழி இருப்பதே தெரியாது. துடுப்புக்காலால் மணலைத் தள்ளி ஏறி வந்த தடமும் திரும்பிப் போன தடமும்தான் அடையாளம். அதைப் பிடித்துப் போய், கம்பை மெல்லக் குத்திப் பார்த்து, பொதபொதவென்று இறங்குகிற இடத்தில் கையால் தோண்டி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் டயர் தடத்துக்கு நடுவில் ஆமைத் தடத்தை எங்கே போய்ப் பார்ப்பது? வெயில் ஏறும்வரை நாங்களும் அவரோடு தேடினோம். கிடைக்கவில்லை.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், உங்கள் கூட்டத்திலும் யாராவது எழுந்து, "முட்டையைத்தான் எடுத்துட்டுப் போயிடறாங்களே, வண்டி ஓடினா என்ன?" என்பார். தடம் அழிந்தால் எடுக்கவே முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. எடுக்காமல் விட்ட குழியில் ஐம்பது நாள் கழித்துக் குஞ்சு பொரித்தாலும், உள்ளங்கைக்குள் அடங்குகிற அதற்கு அரையடி டயர் பள்ளம் ஒரு சுவர். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் அது போகும். கடல் பக்கம் போக வேண்டியது ஹெட்லைட் பக்கம் போகும்.     

எங்கள் மாவட்டத்தில், கடலோரத்தில் எங்கே என்ன செய்யலாம் என்று காட்டும் மண்டல வரைபடத்துக்குக் கருத்துக் கேட்டபோது நான் போனேன். மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி ஆமை முட்டையிடும் இடமும் மணல்மேடும் அதிகக் கட்டுப்பாடு உள்ள முதல் வகையில் வருகின்றன. அந்தத் தைரியத்தில் "கடற்கரையில் வாகனங்களைத் தடை செய்க" என்று ஒரே வரியில் எழுதிப் போயிருந்தேன். வாசித்து முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஓர் அண்ணன் எழுந்தார். "எங்க டிராக்டரையும் நிறுத்தச் சொல்றியா? ஃபைபர் போட்டை நீ வந்து மேலே இழுப்பியா?" மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயம். சுவரோரமாய் நின்று அங்கேயே திருத்தினேன்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பொழுதுபோக்கு வண்டிகள் மட்டும், தொழிலுக்கு ஓடும் டிராக்டர் நீங்கலாக. முதல் கையெழுத்து அந்த அண்ணனிடமே வாங்கினேன்.

ஆமை பெயரைச் சொல்லி மீனவரை விரட்டுகிறான் என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் மேலே இன்னொரு தடவை படியுங்கள். பைக் மேலும் எனக்கு விரோதம் இல்லை, இன்னும் புல்லட்டில்தான் போகிறேன், தார்ச்சாலையில். இழுவலையில் சிக்கிச் சாகிற ஆமைதான் அதிகம் என்பீர்கள். ஆமாம், 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நானும் அறிவேன். அதற்காக இதைச் சொல்லக் கூடாதா?

பிற்பாடு கூட்டக் குறிப்பில் என் பேச்சைத் தேடினேன். "ஒருவர் ஆமை குறித்துப் பேசினார்" என்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்த மனு மட்டும் கையெழுத்துகளோடு அப்படியே பின்னிணைப்பில் இருந்தது. அதனால் இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் மண்டபத்தை விட்டு வராதீர்கள்.