துப்பறியும் கதைக்கு மண்டபத்தில் என்ன பஞ்சம்?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தின் உள்மதிப்பீட்டுக்காக, ஆயிரம் சொற்களுக்குள் சொந்தமாக ஒரு குற்றக்கதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் பனிமூட்டமான இரவு, பெரிய பங்களா, கோடீஸ்வரர் கொலை, தொப்பி போட்ட துப்பறிவாளர் என்று எழுதிக் கொடுத்தாள். 'எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது, வேறு எழுது' என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம்தான் இருக்கிறது. கூடப் படிக்கிற சிலர் ஏஐ-யிடம் கேட்டு எழுதுகிறார்களாம். எனக்கோ ஆங்கிலக் கதை பற்றி ஒன்றும் தெரியாது. நான் எப்படி உதவுவது?
- ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் மகள் எதையும் பார்த்து எழுதியிருக்க மாட்டாள், அம்மா. நூறு வருடமாக எழுதி எழுதித் தேய்ந்த காட்சி அது; படிக்காதவர்களுக்கும் மனப்பாடம். இந்தக் கடலோரத்தில் பல வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னிடம் வந்த குற்றக்கதைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் நடந்தன. எழுதிய பிள்ளைகள் மதுரையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதைக்கு வேண்டிய சங்கதி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இதை மகளிடம் கொடுத்துவிடுங்கள், இனி அவளிடமே பேசுகிறேன்.

தாயி, 'சொந்தமாக' என்றால் உலகத்தில் யாருமே யோசிக்காத குற்றம் என்று அர்த்தமில்லை. திருட்டு, ஏமாற்று, பழிவாங்கல், கொலை என்று நாலைந்து வகைக்குள்தான் எல்லாரும் சுற்றுகிறார்கள். புதிதாக இருக்க வேண்டியது தடயம். உன் ஊர்க்காரருக்கு உடனே உறைக்கிற, வெளியூர் எஸ்.ஐ. மிதித்துக்கொண்டு போகிற ஒரு சின்ன விஷயம் கிடைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்த மாதிரி. அதனால் குற்றவாளியைத் தேடுவதற்கு முன் தடயத்தைத் தேடு. வீட்டில், தெருவில் இருக்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேள்: 'உங்கள் தொழிலில் ஒருத்தன் பொய் சொன்னால் எதை வைத்துப் பிடிப்பீர்கள்?'

கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டாலே நோட்டு நிறையும். 'அன்றைக்கு நான் கடலில் இருந்தேன்' என்பதுதான் இந்த ஊரில் சந்தேகத்துக்கு ஆளானவன் சொல்லும் முதல் சாக்கு. ஆனால் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்று இங்கே ஓர் ஏற்பாடு உண்டு. விசைப்படகு டோக்கன் வாங்காமல் கிளம்பாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அதற்குத் தடைக்காலம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எல்லாமே கரையில்தான். அப்புறம் காற்று. வாடைக்காலத்தில் வடகடல், அதாவது பாக் கடல், கொந்தளிக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அடங்கிக் கிடக்கும். ஆடிக் காற்றில் அப்படியே தலைகீழ். கார்த்திகை மாத ராத்திரியில் சின்ன வத்தையை எடுத்துக்கொண்டு வடகடலில் தனியாகப் போய் வந்தேன் என்று ஒருவன் சொன்னால், எஸ்.ஐ. எழுதிக்கொள்வார். உன் தாத்தா சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு கதை.

கடன் வாங்கிய ஊரோடு அந்த ஊர்த் தண்ணீரும் சேர்ந்து வந்துவிடும், கவனம். தேம்ஸ் நதி லண்டன் நகருக்குள் ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும். நம் பாக் கடலில் ஏற்றம் ஒரு மீட்டரைத் தொடாது. புயல் இல்லாத நாளில் 'கடல் ஏறி வந்து கரையெல்லாம் மூழ்கிவிட்டது' என்று மண்டபத்துக் கதையில் எழுதினால் உன் அம்மாவே நம்ப மாட்டார்.

சரி, ஒரு கதையைச் சேர்ந்தே கட்டிப் பார்ப்போம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கட்டுகிற விதத்தைப் பார்.

பாம்பன் பக்கம் பெண்கள் முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பாசியைக் காயவைத்து, சாக்கில் கட்டி, எடை போட்டு, கொட்டகையில் அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காற்று பலம், யாரும் கடலில் இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் வியாபாரி வந்து மறுபடி எடை போடுகிறார். கிலோ குறையவில்லை. ஆனால் ஒரு சாக்கை அவிழ்த்தால் மேலே காய்ந்த பாசி, அடியில் ஈரப் பாசியும் மணலும். யாரோ காய்ந்ததை எடுத்துக்கொண்டு, எடைக்குச் சரியாக ஈரத்தை அடைத்திருக்கிறார்கள். கொட்டகைச் சாவி மூன்று பேரிடம் உண்டு.

கொட்டகைச் சுவரை ஒட்டி ராத்திரி முழுக்க ஒரு மீன் வேன் நின்றிருந்தது. உள்ளே தரை ஈரமாக இருந்ததைப் பார்த்தவர்கள், 'ஐஸ் உருகின தண்ணிதான், அந்த டிரைவர்தான் உள்ளே வந்திருக்கான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கதை சொல்கிற பெண் மத்தியானம் திரும்ப வந்து பார்க்கிறாள். வேன் நின்ற இடம் காய்ந்துவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை. சாக்கு இருந்த இடமும் காய்ந்திருக்கிறது, ஆனால் சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் அப்படிப் பூக்காது. சாக்குக்குள் போனது அன்று ராத்திரி கடலிலிருந்து வந்த பாசி. இருட்டில், அந்தக் காற்றில் இறங்கிப் பாசி எடுக்கத் தெரிந்தவர் யார்? டிரைவர் இல்லை, வியாபாரி இல்லை. பாசி எடுக்கிற பெண்களில் ஒருத்திதான். யார் வீட்டுக் கொடியில் விரல்துணி ஈரமாகத் தொங்கியது என்று கதை சொல்கிறவளுக்கு நினைவு வருகிறது.

இதில் கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, துப்பறிவாளர்கூட இல்லை. அந்தப் பெண் ஏன் எடுத்தாள், கதை சொல்கிறவள் அதை ஊரிடம் சொல்வாளா என்பதில்தான் நீ எழுத வேண்டிய கடைசி இருநூறு சொற்கள் இருக்கின்றன. அதை நான் சொல்லித்தர மாட்டேன்.

தடயத்தை ஒளிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அதில் ஒன்று: துப்பறிகிறவர் கண்ணில் பட்ட தடயம் வாசகர் கண்ணிலும் உடனே பட வேண்டும். கடைசிப் பத்தியில் திடீரென்று உப்பை எடுத்துக் காட்டினால் அது ஏமாற்று. ஆனால் முன்னாலேயே காட்டிவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்களே? அதனால் காட்டிவிட்டு, கவனத்தை வேறு பக்கம் இழு. அந்தப் பெண் காலையில் கொட்டகையில் வழுக்கி விழட்டும், அம்மா திட்டட்டும். வாசகருக்குத் திட்டுதான் மனதில் நிற்கும், ஈரம் நழுவிவிடும். விரல்துணியை மூன்று பொருளில் நடுவே வை: கொடியில் ஒரு பாவாடை, விரல்துணி, பள்ளிச் சீருடை. வரிசையின் கடைசியில் வைக்காதே, அங்கேதான் கண் நிற்கும்.

ஆயிரம் சொல் என்பது சின்னப் பெட்டி. நான்கு பேருக்கு மேல் ஏற்றாதே. அலாரம் அடித்து எழுந்து பல் தேய்க்கிற பத்தி வேண்டாம்; சாக்கை அவிழ்க்கிற இடத்திலிருந்து தொடங்கு. குற்றவாளி நின்று நிதானமாக இரண்டு பக்கத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது சோம்பேறி எழுத்து. 'எல்லாம் கனவு' என்ற முடிவைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

கொலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், செத்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்கிற டாக்டரை எழுதாதே, நிஜத்தில் அப்படி முடியாது. போலீஸ் 302 என்று எழுதக் கூடாது. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குப் பிரிவு 103, ஏமாற்றுக்கு 318. டீக்கடையில் ஒருவர் 'அவன் ஒரு 420' என்று திட்டலாம், அது இன்னும் சாகவில்லை. எஸ்.ஐ.யின் பேனா மட்டும் 318 என்று எழுத வேண்டும்.

கடல் அட்டைக் கடத்தல் உனக்குத் தோன்றியிருக்கும். உன் வகுப்பில் பாதிப் பேருக்கும் தோன்றும். 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடிக்கவே கூடாது; கடத்தல் செய்தி செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. எழுதினால் நடுக்கடல் படகுத் துரத்தலை விட்டுவிடு. அட்டையை அவித்துத்தான் காயவைக்க வேண்டும், அதற்குப் பெரிய அண்டாவும் விறகும் வேண்டும். கல்யாணமே இல்லாத மார்கழி மாதத்தில் வாடகைக் கடை அண்டா மட்டும் வாராவாரம் வெளியே போய் வந்தால்?

இன்னொன்று, இதில் நான் கறார். குற்றவாளியைத் தேடும்போது அகதி முகாம் பக்கமோ, வேறு சாதி மதத்தின் பக்கமோ, வெளிமாநிலத்திலிருந்து வந்த கூலிக்காரர் பக்கமோ கை தானாகப் போகும். நாக்ஸ் காலத்து மலிவுக் கதைகளில் வில்லன் என்றாலே சீனக்காரன். அதைக் கிண்டல் செய்துதான் அவருடைய விதிகளில் ஒன்று சீனரே வரக் கூடாது என்கிறது. அதே போல் உங்கள் ஊரில் நிஜமாக நடந்த சாவை, பெயர் மாற்றிக்கூட எழுதாதே. அந்த வீட்டுப் பிள்ளை உன் பள்ளியிலேயே படிக்கலாம்.

ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் கதைகளில் மதிப்பெண் அதிகம் போவது காலம் மாறுவதில்தான். இறந்த காலத்தில் தொடங்கி, பரபரப்பு வந்ததும் பிள்ளைகள் நிகழ்காலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் பார். 'ஷி வாஸ் ஷாக்ட்' என்று எழுதுவதை விட அவள் கையில் இருந்த தராசுக் கல் என்ன ஆனது என்று எழுது. அப்பத்தா, வத்தை, கருவாடு எல்லாம் அப்படியே ஆங்கில எழுத்தில் வரட்டும். பக்கத்திலேயே அர்த்தம் எழுதாதே. வத்தையை இருவர் தள்ளிக் கடலில் இறக்கினார்கள் என்றால் அது படகு என்று யாருக்கும் புரியும்.

ஏஐ-யிடம் 'ஒரு குற்றக்கதை எழுது' என்று கேட்டுப் பார்த்தால், உன் லண்டன் பனிமூட்டத்தையே இன்னும் நல்ல இலக்கணத்தில் திருப்பித் தரும் என்பது என் கணிப்பு. பள்ளியில் அதற்கு என்ன விதி என்று ஆசிரியையிடம் நேராகக் கேள். எப்படியிருந்தாலும் உன் குறிப்பு நோட்டை, அடித்துத் திருத்திய தாள்களைத் தேதி போட்டு வைத்துக்கொள். 'இந்த உப்பு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால், யார் சொன்னார்கள் என்று உன்னால் சொல்ல முடிய வேண்டும்.

அம்மா, கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை. எழுதி முடித்ததும் கதையை அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்கள். யார் செய்தது என்று நடுவிலேயே தெரிந்துவிட்டால் எந்த இடத்தில் தெரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள், தடயத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவாள். முடித்த பிறகு 'இதை முன்னாடி சொல்லவே இல்லையேடி' என்று கேட்கத் தோன்றினால், தடயம் கதைக்குள் வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதச் சொல்லுங்கள், இரண்டு வாரம் அதற்குப் போதும்.