பென் டிரைவில் உள்ள விண்டோஸ் போர்ட்டபிள் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். 32 ஜிபி பென் டிரைவில் நோட்பேட்++ (டெக்ஸ்ட் எடிட்டர்), இர்ஃபான்வியூ (படம் பார்க்கும் மென்பொருள்), ஒரு தமிழ்த் தட்டச்சுக் கருவி மூன்றும் நிறுவாமலே ஓட்டக்கூடிய போர்ட்டபிள் வடிவில் இருக்கின்றன. டபுள் கிளிக் செய்தால் ஏதோ ஜிப் ஃபைலைத் திறப்பதுபோல் திறக்கிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டால் போதுமா? பென் டிரைவிலிருந்தே ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். ஆனால் மூன்றில் இரண்டுதான் உங்களுக்குப் பயன்படும். தட்டச்சுக் கருவியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வைன் என்பது லினக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு விண்டோஸ் இல்லை. "இந்த ஃபைலைப் படி, இங்கே ஒரு பட்டனை வரை" என்று விண்டோஸ் மென்பொருள் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. 1993-இல் தொடங்கி, 1.0 பதிப்பு வெளிவரவே 2008 ஆகிவிட்டது. அவ்வளவு நுணுக்கமான வேலை. ஆனால் எந்த விண்டோஸ் மென்பொருளுக்கும் ஒரு சி டிரைவும், செட்டிங்ஸைப் பதிவுசெய்யும் ரெஜிஸ்ட்ரியும் வேண்டுமே? அவற்றை வைன் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு ஃபோல்டரில் உண்டாக்கி வைக்கிறது. பிரிஃபிக்ஸ் என்பது இதுதான். விண்டோஸில் போர்ட்டபிள் என்றால் எல்லாம் பென் டிரைவோடு போய்விடும். வைனில் மென்பொருள் பென் டிரைவிலும், அது எழுதும் ரெஜிஸ்ட்ரி லேப்டாப்பிலும் இருக்கும். செட்டிங்ஸ் காணாமல் போகிறது என்ற புகார்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

அப்படியானால் பிரிஃபிக்ஸையும் பென் டிரைவிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பிரிஃபிக்ஸுக்குள் டாஸ்டிவைசஸ் என்றொரு ஃபோல்டர் உண்டு. அதில் "சி" எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறோர் ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) இருக்கும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய இரண்டு ஃபார்மேட்களிலும் சிம்லிங்க் வைக்க வழியில்லை, பெயரில் முக்காற்புள்ளியும் கூடாது. ஆகவே பிரிஃபிக்ஸ் லேப்டாப்பின் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபார்மேட்) பார்ட்டிஷனிலேயே இருக்கட்டும். கட்டாயம் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்றால் பென் டிரைவில் இரண்டாவதாக ஓர் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் போடலாம். அப்போதும் இன்னொரு கணினியில் உங்கள் பயனர் எண் வேறாக இருந்தால், "இந்த ஃபோல்டர் உங்களுடையது அல்ல" என்று வைன் மறுத்துவிடும். அதற்காக சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள். உள்ளே ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் ஃபைல்கள் உண்டாகி, பிறகு சாதாரணமாக ஓட்டும்போதும் தகராறு செய்யும்.

வைனை நிறுவும்போது 32-பிட் பகுதியையும் சேர்த்து நிறுவுங்கள். "என் மென்பொருள் 64-பிட், அது எதற்கு?" என்று விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற தளம் தரும் தொகுப்புகளில் நீங்கள் கிளிக் செய்வது மென்பொருளை அல்ல, அதைக் கிளப்பிவிடும் லாஞ்சரை. உள்ளே இருப்பது 64-பிட்டாக இருந்தாலும் இந்த லாஞ்சர் 32-பிட். மின்ட்டில் முதலில் டிபிகேஜி கட்டளையால் ஐ386 (32-பிட்) ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, அதன்பின் வைன், வைன்32 இரண்டு பேக்கேஜையும் நிறுவ வேண்டும். வைன்32 இல்லை என்று டெர்மினலில் செய்தி வந்தால் இந்தப் படியை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் முறை ஐகானைக் கிளிக் செய்யாமல் டெர்மினலிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கட்டளையின் வடிவம் இது: வைன், பிரிஃபிக்ஸ் இரு சொற்களையும் ஒட்டி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி விடாமல் சமக்குறி, அதையொட்டி பிரிஃபிக்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதை, ஓர் இடைவெளி, சிறிய எழுத்தில் வைன், கடைசியாக எக்ஸ்இ ஃபைலின் பாதை. பென் டிரைவின் பெயரில் இடைவெளி இருந்தால் அந்தப் பாதையை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குறிப்பிட்ட ஃபோல்டர் இல்லாவிட்டால் வைனே உண்டாக்கிக்கொள்ளும். மென்பொருளுக்கு ஒன்று என்று தனித்தனி பிரிஃபிக்ஸ் வைப்பது நல்லது. ஒவ்வொன்றும் பல நூறு எம்பி பிடிக்கும்தான், ஆனால் ஒன்று கெட்டால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும். மோனோ, கெக்கோ என்ற துணைப் பகுதிகள் வேண்டுமா என்று வைன் கேட்டால் உங்கள் முதல் இரண்டுக்கும் தேவையில்லை, கேன்சல் செய்யுங்கள். டெர்மினலில் ஃபிக்ஸ்மீ என்று தொடங்கும் வரிகள் கொட்டும், கண்டுகொள்ள வேண்டாம். எர் என்று தொடங்குபவற்றைப் படியுங்கள். அதில் நோஎக்ஸெக் (இங்கிருந்து எதையும் ஓட்டாதே) என்ற சொல் கண்ணில் பட்டால் கோளாறு வைனில் இல்லை, பென் டிரைவ் மவுன்ட் ஆன (கணினியோடு இணைந்த) விதத்தில். எந்த டிரைவை எப்படி மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் யூசர் என்ற ஆப்ஷன் போட்டிருந்தால் நோஎக்ஸெக்கும் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதற்குப் பின்னால் எக்ஸெக் என்று சேர்த்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள்.

எந்த எக்ஸ்இ ஃபைலைக் கொடுப்பது? லாஞ்சரை ஓட்டினால் அது டேட்டா ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸை உரிய இடத்தில் வைத்து, மென்பொருளை மூடியதும் திரும்ப எடுத்து வைக்கும். நடுவில் நின்றுபோனால் அரைகுறையாகக் கிடக்கும். நோட்பேட்++க்கு லாஞ்சரே வேண்டாம் என்பது என் கருத்து. ஆப் ஃபோல்டருக்குள் இருக்கும் அசல் எக்ஸ்இயை நேராக ஓட்டுங்கள். அதன் பக்கத்தில் டூ, லோக்கல், கான்ஃப் என்ற மூன்றும் ஒட்டிய பெயரில் எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்று காலியாக இருந்தாலே செட்டிங்ஸ் அங்கேயே பதிவாகும். இர்ஃபான்வியூவும் ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில்தான் எழுதுகிறது, ரெஜிஸ்ட்ரியை நம்பி இல்லை. ரெஜிஸ்ட்ரியை நம்பும் மென்பொருளுக்கு மட்டும் லாஞ்சர் வழியே போங்கள்.

மூடியதும் பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். ஜன்னல் மறைந்த பிறகும் வைனின் பின்னணிப் பகுதியான வைன்சர்வர் சில நொடிகள் பின்னால் ஓடும். டிரைவ் பிஸி என்று சொன்னால், அதே பிரிஃபிக்ஸைக் குறிப்பிட்டு வைன்சர்வர் கட்டளையோடு கழித்தல் குறியும் சிறிய டபிள்யூவும் சேர்த்துக் கொடுங்கள். வேலை முடியும்வரை அது காத்திருந்து திரும்பும். டபிள்யூவுக்குப் பதில் கே கொடுத்தால் எல்லாவற்றையும் கொன்றுவிடும், சேமிக்காதது போய்விடும்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், மென்பொருள் விண்டோஸின் லதா எழுத்துருவைத் தேடுகிறது, பிரிஃபிக்ஸில் அது இல்லை. லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழை லினக்ஸில் நிறுவுங்கள். நோட்பேட்++இல் ஸ்டைல் செட்டிங்ஸில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் எல்லாம் செருகிய பென் டிரைவ் என்றால் முதலில் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். வைன் வேலி போடுவதில்லை. இசட் டிரைவ் என்ற பெயரில் உங்கள் லினக்ஸ் ஃபைல்கள் முழுவதும் உள்ளே தெரியும். விண்டோஸ் ரான்சம்வேர் வைனில் ஓடினால் உங்கள் ஹோம் ஃபோல்டரையும் பூட்டக்கூடும்.

இனி தட்டச்சுக் கருவி. அது திறக்கும், மெனு எல்லாம் வரும், ஆனால் ஃபயர்ஃபாக்ஸிலோ லிப்ரேஆபீஸிலோ தமிழ் விழாது. விசைகளை இடைமறிக்கும் அதன் வித்தை வைனுக்குள் ஓடும் ஜன்னல்களோடு நின்றுவிடும். இதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸின் தட்டச்சு வசதியான ஐபஸுக்குத் தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ் எம்17என் பேக்கேஜை நிறுவி, ஒரு முறை லாக்அவுட் செய்து திரும்பி வந்தால், ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் மூன்று விசைப்பலகைகளும் இருக்கும். பழைய கருவியில் எதைப் பயன்படுத்தினீர்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.