மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே பல நாளாகப் படுத்திருக்கும் பெரியவருக்குச் சாப்பாடு தவிர வேறென்ன உதவி செய்யலாம்?

தினமும் பொட்டலம் கொடுப்பதாகவும், அவர் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதாகவும், காலில் புண் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புண்ணிலிருந்து தொடங்குங்கள். மதுரையில் சாப்பாடு எப்படியாவது கிடைத்துவிடும். கோயில் அன்னதானம் உண்டு, அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய். புண்ணைப் பார்க்கத்தான் ஆள் கிடைக்காது.

கடைகள் அடைத்த பிறகு, இரவு ஒன்பதரைக்கு மேல் போங்கள். இரண்டு பேர் போதும். ஐந்தாறு பேர் சூழ்ந்து நின்றால் பிடித்துப்போக வந்தவர்கள் என்று நினைத்து எழுந்து போய்விடுவார். பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாளே பேர், ஊர் கேட்க வேண்டாம், "ஐயா, கால் ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டால் போதும். அடுத்த நாளும் அதே ஆள், அதே நேரத்துக்குப் போக வேண்டும். ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புண்ணில் துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சலைன் என்னும் உப்புக் கரைசலை ஊற்றி ஊறவிட்டால் தானே கழன்று வரும். புழு நெளிந்தால் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றவே கூடாது, சதை வெந்துபோகும். சலைனில் நனைத்த காஸை (கட்டுப் போடும் மெல்லிய துணி) வைத்துத் தளர்வாக மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் முற்றியவருக்குக் கால் மரத்திருக்கும். அவர் "ஒண்ணுமில்லப்பா" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவர் என்றால் வயிறு நிறையப் பிரியாணி கொடுப்பது ஆபத்து. காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தினமும் குடிப்பவரை அறையில் அடைத்துக் குடியை நிறுத்த வைப்பதும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரும், அதற்கு ஆஸ்பத்திரிதான் இடம்.

பலரும் கோட்டைவிடுவது மூட்டை விஷயத்தில். தலைமாட்டில் இருக்கும் அந்த அழுக்குச் சாக்குப் பையில் ஒரு தகர டப்பா, கிழிந்த சட்டை, மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டு இருக்கும். அவருக்குச் சொந்தம் என்று இருப்பதே அவ்வளவுதான். அதைத் தெருவில் விட்டுவிட்டு ஆளை மட்டும் வண்டியில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் இறங்கி ஓடப் பார்ப்பார். முதலில் மூட்டையை அவர் கண் எதிரே வண்டியில் வையுங்கள். அப்புறம் அவர் ஏறுவார்.

பெரியாஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு இருக்கா?" அங்கேதான் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள். சொந்தக்காரர் இல்லை, தெருவிலிருந்து கூட்டி வந்தோம் என்று தெளிவாகச் சொல்லி, அட்மிஷன் சீட்டையும் வார்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கட்டுப் போட்ட காலோடு மறுபடி அதே பிளாட்பாரத்துக்குத்தான் வருவார்.

மனநிலை சரியில்லை என்று தோன்றினால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். போலீஸை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பிச்சையெடுப்பவரைப் போலீஸ் பிடிக்க வழிசெய்யும் 1945-ஆம் ஆண்டுப் பிச்சைத் தடுப்புச் சட்டம் இருக்கிற ஊரில் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு வேறு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியதும் அவர்தான். பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். காப்பகங்களில் சேர்க்கும்போது ஸ்டேஷன் மெமோ (காவல் நிலையம் தரும் கடிதம்) கேட்பார்கள், அதையும் வாங்கி வையுங்கள்.

தொலைபேசி உதவி எண்கள்: முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டப்படி லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம் வேண்டும். மாநகராட்சியில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழைக் கொண்டே ஆதார் எடுக்கலாம். முன்பே ஆதார் எடுத்தவராக இருந்தால் புதுப் பதிவு நிராகரிக்கப்படும். அப்போது மனம் தளராதீர்கள். பழைய பதிவில் ஊரும் வீடும் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடுத்தெருவில் உட்கார வைத்து மொட்டையடித்துக் குளிப்பாட்டி வீடியோ போடுகிறவர்களே, அவரிடம் கேட்டீர்களா? சடையை வெட்டவும் சம்மதம் வேண்டும். குளிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறோம், எங்கே போய்க் குளிப்பார்? கட்டணக் கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் காசு. கையில் காசில்லாத ஆள் ராத்திரியில் எங்கே ஒதுங்குவது? தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று தாகத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள், பெண்கள் முக்கியமாக. இலவசக் கழிப்பறை கேட்டு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள்.

இன்று ராத்திரி போகும்போது அரை லிட்டர் சலைன், காஸ், கையுறை, ஒரு பழைய வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம். பல் இல்லாவிட்டால் குழைந்த சாதமாகக் கொடுங்கள்.